ஊராட்சியிடம் கணக்குக் கேட்பது எப்படி? முதன்முறை இறங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனு கொடுப்பவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதே தெருவிளக்குக்குப் போன வருஷம் எவ்வளவு செலவு எழுதப்பட்டது என்று கேட்பவர்கள்தான் குறைவு. முதல் வகை மனுவை 'நிதி நிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்' என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல யாராவது ஒருவர் ஒரு பதிவேட்டைத் திறந்தாக வேண்டும். பதிவேட்டைத் திறக்க வைப்பது எப்படி என்பதுதான் இங்கே விஷயம்.

பேச்சு வசதிக்கு ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் ஏதோ ஒரு கிராமம். ஊர் நடுவே மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. முன் தெருக்களில் தண்ணீர் வருகிறது, கடைசித் தெருவுக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது, சில நாள் அதுவும் இல்லை. பல ஊர்களில் குழாயின் கடைசி முனையும் பட்டியலின மக்களின் குடியிருப்பும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்க்கலாம். அது தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சரி, எங்கிருந்து ஆரம்பிப்பது?

முதலில், இது யார் வேலை?

தவறான கதவைத் தட்டினால் மாதங்கள் வீணாகும். தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இன் 110ஆவது பிரிவு கிராம ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ஊராட்சிச் சாலைகள், தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், துப்புரவு, சுடுகாடு இடுகாடு, குடிநீர் எல்லாம் அதில் வரும். இந்தப் பிரிவு எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். 'இது எங்க வேலை இல்லீங்க' என்று யாராவது ஆரம்பிக்கும்போது கைகொடுக்கும்.

தண்ணீரில் மட்டும் கொஞ்சம் சிக்கல் உண்டு. உங்கள் ஊருக்குக் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் தண்ணீர் வருகிறது என்றால், அதைக் கொண்டுவந்து ஊராட்சியின் தொட்டியில் சேர்ப்பது தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம். தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய் வரை ஊராட்சியின் பொறுப்பு. தொட்டிக்கே தண்ணீர் வரவில்லையா, தொட்டியில் இருந்தும் தெருவுக்கு வரவில்லையா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் மனு எழுத உட்காராதீர்கள். இதைச் சரியாகச் சொல்லக்கூடியவர் டேங்க் ஆபரேட்டர்தான். எத்தனை மணிக்கு மோட்டார் போடுகிறார், எந்த வால்வை எப்போது திறக்கிறார், யார் வீட்டில் லைனில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். சொற்பச் சம்பளக்காரர் அவர். நாளைக்குச் சாட்சி சொல்ல வேண்டி வந்தால் சொல்லக்கூடியவரும் அவர்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கடை என்றால் வட்ட வழங்கல் அலுவலர், புகார் எண் 1967. மின்கம்பம், தொங்கும் ஒயர் என்றால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987. பட்டா, வாய்க்கால் ஆக்கிரமிப்பு என்றால் கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும். வட்ட அளவில் ஆண்டுக்கொரு முறை நடக்கும் ஜமாபந்தி, அதாவது வருவாய்க் கணக்குத் தணிக்கை, இதற்கு நல்ல நேரம். அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், டவுன் பஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அலுவலகம் உண்டு. ஒரே மனுவில் எல்லாவற்றையும் போட்டு மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினால் அது எல்லா அலுவலகமும் சுற்றி, எங்கேயும் தங்காது.

வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடிய கணக்கு

மத்திய அரசின் இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் உங்கள் ஊராட்சி அந்த ஆண்டுக்குப் போட்ட திட்டமும், மத்திய நிதி ஆணைய மானியத்தில் நடந்த வரவு செலவும் தெரியும். போனிலேயே பார்க்கலாம். பதினைந்தாவது நிதி ஆணையம் 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒரு கணக்கு வைத்தது. ஊராட்சிக்கு வரும் மானியத்தில் 60 சதவீதம் குறிப்பிட்ட காரியத்துக்குத்தான். அதில் பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதத்தை ஊர்த் தேவைக்கேற்பச் செலவிடலாம்.

இதன் அர்த்தம் புரிகிறதா? அந்த ஐந்து ஆண்டுகளில் குடிநீருக்கென்றே ஒதுக்கிய பணம் உங்கள் ஊராட்சிக் கணக்கில் வந்திருக்க வேண்டும். 'நிதி இல்லை' என்று பதில் வந்தால், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று கேட்க உங்கள் கையில் ஒரு எண் இருக்கும். குடிநீர் என்று தலைப்பிட்ட வேலைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலையின் பெயர், இடம், தொகை, ஆண்டு. அப்புறம் ஒருநாள் காலையில் நடந்து போய் அந்த இடத்தில் அந்தக் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள். போட்டோ எடுங்கள். எல்லாம் ஒழுங்காகவே இருக்கலாம். அதுவும் தெரிய வேண்டிய விஷயம்தான்.

ஆனால் முழுக்கணக்கும் இதில் இருக்காது. வீட்டுவரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சொந்த வருமானம், மாநில நிதி ஆணைய மானியம் ஆகியவற்றைத் தெரிந்துகொள்ள ஊராட்சிப் பதிவேட்டுக்குத்தான் போக வேண்டும். அதற்குச் சுலபமான நாள் கிராம சபை.

கிராம சபை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு நாள்கள் பலருக்கும் தெரியும். உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 இரண்டையும் சேர்த்து ஆண்டுக்கு ஆறு முறை கூட்ட வேண்டும் என்று 2022இல் முதலமைச்சர் அறிவித்தார். உங்கள் பெயர் அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் இருந்தால் நீங்கள் கிராம சபை உறுப்பினர். யாருடைய அழைப்பும் தேவையில்லை. தலைவரின் பதவிக்காலம் முடிந்து தேர்தல் நடக்காத ஊராட்சிகளில் தனி அலுவலர் பொறுப்பில் இருப்பார். அதனால் கூட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

கூட்டம் செல்ல இத்தனை பேராவது வந்திருக்க வேண்டும் என்ற குறைவெண் வரம்பு (கோரம்) உண்டு. ஊரின் மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 3,001 முதல் 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பல ஊர்களில் இத்தனை பேர் கையெழுத்தில் மட்டுமே இருப்பார்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்துக்கே நோட்டு போய்க் கையெழுத்து வாங்கி வந்துவிடும். நீங்கள் பதினைந்து இருபது பேரைச் சேர்த்துக்கொண்டு போனால் போதும், அந்தக் கூட்டத்தில் உண்மையாகப் பேச வந்த பெரிய கூட்டம் நீங்களாகவே இருக்கக்கூடும்.

அங்கே முதலில் தேட வேண்டியது படிவம் 30. ஊராட்சியின் வரவு செலவு அறிக்கை அது. கிராம சபையின் ஒப்புதலுக்கு அதை வைக்க வேண்டும், அதன் சுருக்கத்தை எல்லோரும் படிக்கும்படி பிளக்ஸ் பேனராகவும் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பேனர் இருக்காது, அல்லது இருந்தால் மேடைக்குப் பின்னால் ஒரு மூலையில் சுருண்டு கிடக்கும். 'படிவம் 30ஐ வாசிங்க' என்று எழுந்து கேளுங்கள். கோபம் வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும். வாசிக்கும்போது தெருவிளக்குப் பராமரிப்பு, கைப்பம்பு மற்றும் மின்மோட்டார் பழுது, குழாய் பழுது, பிளீச்சிங் பவுடர் போன்ற வரிகளில் காதை வையுங்கள். பெரிய கட்டடங்களின் கணக்கு ஒன்றிய அலுவலகம் வரை போய்வரும். இந்தச் சின்னச் செலவுகள்தான் மாதாமாதம் நடப்பவை, ஊர்க்காரர் எவரும் நேரில் சரிபார்க்கக் கூடியவையும் அவைதான். பத்து பல்பு மாற்றியதாக எழுதியிருந்தால், எந்தக் கம்பங்களில் என்று கேட்கலாம்.

பதிவேட்டை ஊர் நடுவே உரக்கப் படிப்பதற்கு இருக்கும் பலம் பழைய கதை. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற மக்கள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைக் கூட்டங்களில் இதைத்தான் செய்தார்கள். அரசு வேலைக்கான மஸ்டர் ரோலை, அதாவது கூலியாள் வருகைப் பதிவேட்டை, வாங்கிவந்து பெயர் பெயராக வாசித்தார்கள். செத்துப்போனவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்ததும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுத்திருந்ததும் ஊரார் முன்னால் வெளியே வந்தன. அந்தப் போராட்டம்தான் 2005 தகவல் உரிமைச் சட்டத்துக்கு வழிவிட்டது. அதற்கு முன்பே, 1997இல், இந்தியாவிலேயே முதலாவதாகத் தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட மாநிலம் தமிழ்நாடு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதில் விதிவிலக்குகள் ஏராளம்.

கேட்டதோடு விடாதீர்கள். தீர்மானமாக எழுத வைக்க வேண்டும். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 'எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வேண்டும்' என்று எழுதினால் அது ஆசை. இப்படி எழுதலாம்:

"மேல்நிலைத் தொட்டியிலிருந்து மேற்குத் தெருவுக்குத் தனிக் குழாய் பதிக்க ஒன்றியப் பொறியாளர் மூலம் மதிப்பீடு தயாரித்து, அதை அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும் எனத் தீர்மானிக்கப்படுகிறது."

இதில் என்ன வேலை, யார் செய்ய வேண்டும், எதற்குள் செய்ய வேண்டும் மூன்றும் வந்துவிட்டன. அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். வெற்றுப் பக்கத்தில், 'அப்புறம் எழுதிக்கிறோம்' என்று சொல்லும் பக்கத்தில் ஒருநாளும் கையெழுத்து வேண்டாம். கூட்டத்தைக் கவனிக்க அரசு அனுப்பியிருக்கும் அலுவலரான பற்றாளர் யார், எந்தத் துறை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மனு: கொடுப்பதைவிட எண் வாங்குவது முக்கியம்

திங்கள்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். வர முடியாதவர்கள் 1100க்குப் போன் செய்து 'முதல்வரின் முகவரி' என்ற குறைதீர்ப்புத் துறையில் பதியலாம். இரண்டிலும் மனு எண் தருவார்கள். அதுதான் உங்கள் சொத்து. வேறு அலுவலகத்தில் கையில் கொடுத்தால், நகலில் சீலும் தேதியும் கையெழுத்தும் வாங்காமல் திரும்பாதீர்கள். 'வெச்சிட்டுப் போங்க, பாத்துக்கறோம்' என்று சொன்னால், அன்றே அந்த மனுவைத் தபாலில் அனுப்புங்கள்.

உங்கள் மனு எங்கே போகும் என்று தெரிந்துகொள்வது நல்லது. ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு வரும். அவரிடமிருந்து ஊராட்சிச் செயலருக்கு வரும். அதாவது, யார் மேல் குறை சொன்னீர்களோ அவரே பதில் தயாரிப்பார். அந்தப் பதில் கீழிருந்து மேலே போய், ஆட்சியர் அலுவலகம் வழியாக உங்களுக்கு வரும். இதைக் கண்டு எரிச்சல்பட்டுப் பயனில்லை. அந்தப் பதிலில் ஒரு வாக்கியமாவது தப்பாமல் இருக்கும்: 'நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன்', அல்லது 'மேற்படி பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுள்ளது'. அந்த வாக்கியத்துக்கு அடியில் கோடு போடுங்கள். அடுத்த கட்டத்தில் கேட்க வேண்டிய கேள்வி அதற்குள்ளேயே இருக்கிறது.

தகவல் உரிமை: ஏன் என்று கேட்காதீர்கள், எது என்று கேளுங்கள்

புதியவர்கள் எழுதும் தகவல் மனுக்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தால் வீணாகின்றன. 'எங்கள் தெருவுக்கு ஏன் தண்ணீர் விடவில்லை? இதற்கு யார் பொறுப்பு? என்ன நடவடிக்கை எடுக்கப்படும்?' என்று எழுதுவார்கள். நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்தச் சட்டம் அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவைத் தரச் சொல்கிறதே தவிர, விளக்கம் எழுதித் தரச் சொல்லவில்லை. 'தாங்கள் கோருவது தகவல் வரையறைக்குள் வராது' என்று பதில் வரும், அது சட்டப்படி சரியாகவும் இருக்கும்.

நம் உதாரணத்துக்கு இப்படிக் கேட்கலாம்:

"2023-24, 2024-25 நிதியாண்டுகளில் இந்த ஊராட்சியில் குடிநீர்க் குழாய் மற்றும் மின்மோட்டார் பழுதுபார்ப்புக்குச் செய்த செலவுகளின் வவுச்சர் நகல்கள். மேற்குத் தெருவில் குழாய் பதித்த பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்கள் ஆகியவற்றின் நகல்கள். மேல்நிலைத் தொட்டியைச் சுத்தம் செய்த தேதிகளைக் காட்டும் பதிவேட்டின் நகல். கடந்த அக்டோபர் 2 கிராம சபைத் தீர்மானங்களின் நகல், அவற்றின் மேல் அனுப்பிய கடிதங்களின் நகல்."

இவ்வளவு போதும். ஒரு மனுவில் ஒரு விஷயம். நாலைந்து கேள்விக்கு மேல் போகாதீர்கள். அளவுப் புத்தகம் என்பதை அலுவலகத்தில் எம்-புக் என்பார்கள். எத்தனை மீட்டர் குழாய், எவ்வளவு ஆழம், என்ன அளவு என்று பொறியாளர் அளந்து எழுதி, அதன் அடிப்படையில்தான் பில் போடுவார்கள். எம்-புக் நகலும் ஒரு டேப்பும் கையில் இருந்தால் தெருவில் நின்று நீங்களே சரிபார்த்துவிடலாம். சிமெண்ட் சாலை, பேவர் பிளாக் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

ஆள்களின் பெயர், கணக்கு எண் போன்றவற்றைக் கேட்க வேண்டாம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தகவல் சட்டத்தைத் திருத்திவிட்டது. தனிப்பட்ட விவரம் என்று சொல்லி மறுக்க இப்போது இடம் அதிகம். தொகை, அளவு, தேதி, இடம் இந்த நாலும் கிடைத்தால் நம் வேலை ஆகிவிடும்.

விண்ணப்பத்துக்குத் தனிப் படிவம் கிடையாது. வெள்ளைத்தாளில் தமிழில் எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்ட வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சான்றின் நகலை இணைத்தால் கட்டணமே இல்லை. 'பொதுத் தகவல் அலுவலர், வட்டார வளர்ச்சி அலுவலர் (கிராம ஊராட்சி) அலுவலகம்' என்று முகவரி எழுதுங்கள். ஒவ்வொரு ஒன்றியத்திலும் இரண்டு பி.டி.ஓ. இருப்பார்கள், கிராம ஊராட்சிக்கு உரியவர் என்று அடைப்புக்குறியில் எழுதுவது அதற்காகத்தான். தப்பான அலுவலகத்துக்குப் போய்விட்டாலும் ஐந்து நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2). பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், எனவே ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மாநில அரசின் இணையதளத்தில் ஆன்லைனிலும் விண்ணப்பிக்கலாம்.

முப்பது நாளுக்குள் பதில் வர வேண்டும். நகலுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய் கேட்டுக் கடிதம் வரும், உடனே கட்டிவிடுங்கள். முப்பது நாள் தாண்டிவிட்டால் நகலை இலவசமாகத் தர வேண்டும். 'ஆவணங்கள் அதிகமாக உள்ளதால் நேரில் வந்து பார்வையிடலாம்' என்று எழுதினால் தயங்காமல் போங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. உண்மையில் அதுதான் நல்ல வாய்ப்பு. நீங்கள் கேட்கத் தெரியாமல் விட்ட பக்கமும் கண்ணில் படும். அதிகம் பேர் பயன்படுத்தாத இன்னொரு வசதி பிரிவு 2(ஜே). காகிதம் மட்டுமல்ல, நடக்கும் பணியையே பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்கவும் அது இடம் தருகிறது.

பதில் வரவில்லை அல்லது அரைகுறையாக வந்தது என்றால், முப்பது நாளுக்குள் அதற்குரிய மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள். கட்டணம் இல்லை. அவர் 30 நாளுக்குள், அதிகம் போனால் 45 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். என் பார்வையில் பாதிக்கு மேற்பட்ட காரியங்களுக்கு இந்தக் கடிதமே போதும். இவர் விடமாட்டார் என்று அலுவலகத்துக்குத் தெரிந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது மேல்முறையீடு. தகவல் தராத அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், மொத்தம் 25,000 ரூபாய் வரை தண்டம் போட ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அங்கே விசாரணைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். அதை நம்பி மற்ற வேலைகளை நிறுத்தி வைக்காதீர்கள்.

ஆவணம் கையில் வந்த பிறகு

எம்-புக்கில் 120 மீட்டர், தெருவில் 70 மீட்டர் என்று கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். உடனே வாட்ஸ்அப் குழுவில் 'ஊழல் அம்பலம்' என்று போடத் தோன்றும். வேண்டாம். முதலில் நகல், போட்டோ, அளந்த அளவு மூன்றையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கும், மாவட்டத்தில் ஊராட்சிகளின் உதவி இயக்குநருக்கும் ஒரு கடிதம் எழுதி, நேரில் வந்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள். சில நேரம் மீதிக் குழாய் வேறு தெருவில் போயிருக்கும். நிஜமாகவே முறைகேடு என்றால், உள்ளாட்சிகளின் மீதான புகார்களை விசாரிக்கவென்றே 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முறைமன்ற நடுவம் இருக்கிறது. லஞ்சம் என்றால் லஞ்ச ஒழிப்புத் துறை. இரண்டு இடத்திலும் ஆவணம் உள்ளவர் பேச்சுதான் எடுபடும்.

ஒரு எச்சரிக்கை. தெருவிளக்கு, குடிநீர்க் கணக்குக் கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் வருவது முறைப்பும் கிண்டலும்தான். மணல், கல்குவாரி, ஏரி மண் என்று பெரும்பணம் புழங்கும் விஷயங்கள் அப்படியல்ல. புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் பகுதியில் சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து மனு கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி மோதிக் கொல்லப்பட்டார். அந்த மாதிரி விஷயத்தைப் புதியவர் ஒருவர் தனியாகத் தொடக் கூடாது. தண்ணீர் விஷயத்திலும்கூட மனுவில் ஒருவர் பெயர் மட்டும் இல்லாமல் பத்துப் பேர் கையெழுத்துப் போடுங்கள். தகவல் மனுக்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து அனுப்புங்கள். மகளிர் சுயஉதவிக் குழு இருந்தால் அவர்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வராத வலி யாருக்கு அதிகமோ அவர்கள் பேசும்போது யாராலும் குறுக்கே பேச முடிவதில்லை. எல்லா நகலும் ஒரே வீட்டில் இருக்க வேண்டாம், இன்னும் இரண்டு பேர் போனிலும் இருக்கட்டும்.

அடுத்த கிராம சபை வருவதற்குள் கையில் தீர்மான நகல், மனு எண், தகவல் பதில் மூன்றில் குறைந்தது இரண்டு சேர்ந்திருக்கும். அன்றைக்குப் புதுக் கோரிக்கை எதுவும் வைக்காதீர்கள். எழுந்து, போன கூட்டத்துத் தீர்மானத்தை முழுதாக வாசித்துவிட்டு, மதிப்பீடு எங்கே என்று மட்டும் கேளுங்கள். வரும் பதிலை, அது 'இன்னும் ஆகவில்லை' என்பதாக இருந்தாலும், அன்றைய தீர்மானப் புத்தகத்தில் தேதியோடு எழுதச் சொல்லுங்கள்.